மோவாபில் தரை கூட்டப் போன கதை

"வாசல்ல பனி அள்ளச் சொன்னா முதுகு நோகுதெண்டுவீர். அங்க போய் மண் அள்ளப் போறீரோ?" என்று என் கணவர் அன்ரன் கேட்டார். புனித நாட்டுக்குப் போகிறவள் இப்படிப்பட்ட சின்னக் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்லக்கூடாது என்று அப்போது நினைத்திருந்தேன்.

எல்லாம் பெப்ரவரி மாதத்துக் குளிரால் வந்த வினை. நான் மொன்றியலில், வில்லரே பக்கத்தில், ஒரு கார்டெரியில் வேலை செய்கிறேன். அதாவது குழந்தைகள் காப்பகம். இருபது வருடமாகப் பிரெஞ்சில் மூக்குத் துடைக்கிறேன், பிரெஞ்சில் சண்டை விலக்குகிறேன். அன்று கோட்-டெ-நெய்ஜில் ஒரு சிநேகிதியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸைத் தவறவிட்டேன். கால் விறைத்துப்போய், சூட்டுக்காகப் பக்கத்தில் இருந்த நூலகத்துக்குள் நுழைந்தேன். உள்ளே யாரோ ஒருவர் திரையில் ஒரு மொட்டை மலையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். வேதாகமக் காலத்து மோவாப் நாடாம். இன்றைய ஜோர்தான். மூவாயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு ஊரைக் கோடையில் தோண்டப்போகிறார்கள். தொண்டர்கள் தேவை, அனுபவம் தேவையில்லை. அனுபவம் தேவையில்லை என்று யாராவது சொன்னால் என் கை தானாக உயர்ந்துவிடும்.

முன்வரிசையில் இன்னொரு கையும் உயர்ந்திருந்தது. அது கேள்வி கேட்க உயர்ந்த கை. பருத்திச் சேலை, அதற்கு மேலே தடித்த குளிர்கோட்டு, கீழே பனிச்சப்பாத்து, மூக்கு நுனியில் கண்ணாடி. திரையில் தெரிந்த ஒரு சுவரின் அஸ்திவாரம் ஏன் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று அந்த அம்மா விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சாளர் வியர்த்துப்போனார். முடிந்ததும் அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க தமிழா?" என்றார்.

"ஓம், மன்னார்."

"நான் மெட்ராஸ். பத்மா."

அவ்வளவுதான் அறிமுகம். பாலங்கள் கட்டிய பொறியியலாளர். ஓய்வு பெற்றவர். கணவர் போன வருடம் தவறிப்போனார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர் என்பதால் அன்றிலிருந்து எனக்கு அவர் பத்மா அக்கா. அவருக்கு நான் வெறும் ஸ்டெல்லா.

எங்கள் பங்குக் கோயிலின் மாதர் சங்கத்தில் இதைச் சொன்னேன். சொன்னது மண் தோண்டப் போகிறேன் என்றுதான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அது திருயாத்திரையாக மாறியிருந்தது. யோர்தான் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஆளுக்கொரு வெறும் போத்தல் தந்தார்கள். நான் திருத்தவில்லை. என் மனதிலும் பாதி யாத்திரைதான் ஓடிக்கொண்டிருந்தது. சின்னத் தூரிகையால் மெல்லத் தட்டுவேன், ஒரு அரசனின் பெயர் பொறித்த கல் தலை காட்டும், பங்குப் பத்திரிகையில் என் படம் வரும். படத்துக்கு எந்தத் தொப்பி போடுவது என்பதுவரை முடிவு செய்துவிட்டேன்.

அம்மானில் இறங்கியதும் பத்மா அக்காவின் பெட்டி முதலாவதாக வந்தது. என்னுடையது வரவேயில்லை. சப்பாத்து, தொப்பி, சம்பல் போத்தல், பருத்தித்துறை வடை, மாதர் சங்கத்தின் போத்தல்கள் எல்லாம் வேறு ஏதோ தேசத்துக்குப் போயிருந்தன. சுற்றிச் சுற்றி வந்த வெறும் பட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, நேரம் போகட்டுமே என்று பேச்சுக் கொடுத்தேன்.

"எத்தினை பிள்ளையள் அக்கா?"

"ரெண்டு பசங்க. ஒருத்தன் டொரான்டோ, ஒருத்தன் கால்கரி."

"பொம்பிளைப் பிள்ளை இல்லையோ?"

"உங்க பெட்டி என்ன கலர்?" என்றார்.

இந்த அம்மாவோடு ஒரு மாதம் ஒரே அறையில் இருக்கவேண்டுமே என்று எனக்கு முதல் தடவையாகக் கவலை வந்தது.

தங்குமிடம் ஒரு பள்ளிக்கூடம். கோடை விடுமுறை என்பதால் வகுப்பறைகளில் கட்டில் போட்டிருந்தார்கள். கரும்பலகையில் யாரோ எழுதிய கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. பத்மா அக்கா படுக்குமுன் அதைத் திருத்தினார்.

விடியுமுன் எழுப்பினார்கள். என் பெட்டி வரும்வரை போட்டுக்கொள்ளப் பத்மா அக்கா தன் காலமான கணவரின் சட்டையும் காற்சட்டையும் தந்தார். அவர் ஆறடி மனிதராக இருந்திருக்கவேண்டும். நான் காற்சட்டையை நாலு மடிப்பு மடித்துக் கட்டிக்கொண்டு மலை ஏறியபோது, ஏற்கெனவே மேலே நின்ற உள்ளூர்த் தொழிலாளர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

மலை என்றால் மலையல்ல. ஊர்மேல் ஊர் இடிந்து குவிந்த மேடு. அதைக் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்திருந்தார்கள். எங்கள் சதுரத்துக்குப் பொறுப்பு ரனா என்ற ஜோர்தானியப் பெண். முப்பது வயதிருக்கும். மெல்லிய குரலில் ஆங்கிலம் பேசுவாள். கோபம் வந்தால் குரல் இன்னும் மெலிந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"இது அரண்மனையோ?" என்று கேட்டேன்.

"வீடு," என்றாள் ரனா. "சமையல் பகுதியாக இருக்கலாம்."

ஆயிரக்கணக்கான மைல் பறந்துவந்து குசினியிலேயே இறங்கியிருந்தேன்.

தூரிகைக் கனவு முதல் மணித்தியாலத்திலேயே கலைந்தது. கொத்துப் பிக்கான், வாளி, மேசன்மார் சாந்து பூசுகிற மாதிரி ஒரு கரண்டி. கொத்து, சுரண்டு, அள்ளு, வாளியைக் கொண்டுபோய் அரிதட்டில் கொட்டு, அரி. பிறகு மறுபடியும் கொத்து. அன்ரன் சொன்ன முதுகு காலைச் சாப்பாட்டுக்கு முன்னமே பேசத் தொடங்கியது. அப்போதுதான் மண்ணுக்குள் வட்டமாக ஒரு உலோகம் மின்னியது. விளிம்பில் சின்னச் சின்ன மடிப்புகள், கிரீடம் மாதிரி. என் சத்தத்துக்கு நாலு சதுரத்து ஆட்களும் ஓடி வந்தார்கள். ரனா அதை வாங்கி, விரலால் துடைத்து, என்னிடமே திருப்பித் தந்தாள்.

"சோடா மூடி," என்றாள். "போன வருடம் இங்கே வேலை செய்தவர்கள் குடித்திருப்பார்கள்."

காலைச் சாப்பாடு மேட்டின் மேலேயே, ஒரு சாக்குப் பந்தலின் கீழே. தட்டை ரொட்டி, வெள்ளரிக்காய், அவித்த முட்டை, கெட்டித் தயிர், எண்ணெயில் குழைத்த ஒரு பச்சைப் பொடி. தேத்தண்ணீரின் இனிப்பில் கரண்டி நட்டு வைத்தால் நிற்கும். மத்தியானம் சோறும் ஆட்டிறைச்சியும் தயிர்க்குழம்பும். பத்மா அக்கா சைவம். அவர் சோற்றை மட்டும் ஒதுக்கி எடுத்து, தயிர் விட்டுப் பிசைந்து, பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்து, எதிரே இருந்த ஜெர்மன் மாணவர்களுக்கு ஒரு நாளும் தேவைப்படாத விளக்கம் ஒன்றையும் கொடுத்துச் சாப்பிட்டார். எனக்கும் ஊறுகாய் தந்தார். இறைச்சிக்கு அது நன்றாகப் பொருந்தியது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

என் பெட்டி வந்து சேர்ந்த வாரம்தான் அந்தப் பெரிய பிழை நடந்தது. எங்கள் சதுரத்தில் ஒரு தரை தெரியத் தொடங்கியிருந்தது. களிமண் பூசி மெழுகிய தரை. மூலையில் இடிந்த அடுப்பு. ரனா வேறு சதுரத்துக்குப் போகுமுன், "இதைக் கொஞ்சம் துப்புரவாக்கி வையுங்கள், படம் எடுக்கவேண்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். கார்டெரியில் வேலை செய்கிறவளிடம் அப்படிச் சொல்லக்கூடாது. எங்கள் இடத்தில் துப்புரவு என்றால், குழந்தை தரையை நக்கினாலும் ஒன்றும் ஆகக்கூடாது. நான் முழங்காலில் இருந்து அந்த வீட்டைக் கூட்டினேன். அடுப்பைச் சுற்றிக் கறுப்பும் சாம்பலுமாகக் கிடந்ததை எல்லாம் வழித்து வாளியில் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டினேன். திரும்பி வந்து பார்த்தபோது தரை கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

ரனா வந்து நின்றாள். தொப்பியைக் கழற்றினாள். மறுபடி போட்டாள்.

"ஸ்டெல்லா, இங்கே ஒரு சாம்பல் அடுக்கு இருந்தது," என்றாள். குரல் கேட்கவே இல்லை.

"ஓம், சரியான ஊத்தை. கூட்டிட்டன்," என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபிறகுதான் பத்மா அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"ஸ்டெல்லா," என்றார் அவர், "நீங்க சொல்ற அந்த ஊத்தையப் பாக்கத்தான் நாம கனடாலேர்ந்து வந்திருக்கோம்."

அந்தச் சாம்பலுக்குள் என்ன தானியம் எரிந்தது, என்ன விறகு வைத்தார்கள் என்பதெல்லாம் இருக்குமாம். மூவாயிரம் வருடம் காற்றும் மழையும் படையெடுப்பும் விட்டுவைத்ததை நான் அரை மணித்தியாலத்தில் துப்புரவாக்கிவிட்டேன். கொட்டிய இடத்தில் போய் ரனா அள்ளக்கூடியதை அள்ளினாள். மறுநாள் என்னைப் பானை ஓடு கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. பல்துலக்கும் பிரஷ் ஒன்றைத் தந்து, வாளி வாளியாக ஓடுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். மொன்றியலில் பாத்திரம் கழுவ வீட்டில் மெசின் இருக்கிறது. இங்கே எவளோ ஒருத்தி மூவாயிரம் வருடத்துக்கு முன் கழுவாமல் போட்டுவிட்டுப் போன பானையை நான் கழுவிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. மாதர் சங்கத்தின் போத்தல்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு யோர்தான் ஆற்றுக்குப் புறப்பட்டேன். பத்மா அக்காவும், "தனியா போனா நீங்க சிரியாவுல போய் நிப்பீங்க," என்று கூட வந்தார். சிற்றுந்து ஓட்டியவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆறு என்று கையை வளைத்துக் காட்டினேன். விளங்கவில்லை. ஞானஸ்நானம் என்பதை எப்படிக் காட்டுவது? தலையில் தண்ணீர் ஊற்றுவதுபோலக் காட்டி, முங்கி எழும்பியும் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. நெஞ்சில் கைவைத்து, கவலைப்படாதே என்பதுபோலத் தலையாட்டினார். வெகுநேரம் ஓட்டி, எங்களை இறக்கிவிட்டு, கையசைத்துப் போனார்.

அது ஒரு நீச்சல்குளம். வாசலில் காற்றடைத்த பிளாஸ்டிக் வாத்துகள் தொங்கின.

"நீங்க பண்ணின ஆக்‌ஷனுக்கு அவர் சரியான எடத்துலதான் விட்டிருக்கார்," என்றார் பத்மா அக்கா. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அவர் சிரிக்கத் தொடங்கினார். அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கடைசியில் எனக்கும் தொற்றிவிட்டது. அந்த வாசற்படியில் இருந்து இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம்.

திரும்பி வர பஸ் இல்லை. தக்காளி ஏற்றிப்போன ஒரு லொறிக்காரர் இரங்கினார். முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம். பத்மா அக்காவை அதில் ஏற்றிவிட்டு நான் பின்னால் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே குந்தினேன். மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் தக்காளியை அமத்திப் பார்த்து வாங்கியதற்காகக் கடைக்காரரிடம் பேச்சு வாங்கியவள் நான். இங்கே பள்ளத்தில் லொறி விழுந்தபோதெல்லாம் ஒரு பெட்டித் தக்காளியை என் முழு உடம்பாலும் அமத்தினேன். இறங்கும்போது நசிந்ததைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் நசியாத தக்காளியாகப் பார்த்து ஒரு பை நிறைய அள்ளித் தந்து, மொன்றியலில் தன் மருமகன் டாக்சி ஓட்டுகிறான், கண்டால் சுகம் சொல்லுங்கள் என்றார். போத்தல்கள் வெறுமையாகவே இருந்தன.

கடைசி வாரத்தில் எனக்கு மன்னிப்புக் கிடைத்து மறுபடி சதுரத்துக்கு வந்தேன். தூரிகைக்கு மட்டும் இன்னும் தடை. நான் கூட்டிய அதே தரையை இப்போது வெட்டி, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்புக்கு எதிர் மூலையில் பத்மா அக்கா சுரண்டிக்கொண்டிருந்தார். அவருடைய கரண்டி ஒரு வளைந்த ஓட்டில் தட்டியது. அவர் கையை எடுத்துவிட்டு ரனாவைக் கூப்பிட்டார். நானென்றால் இழுத்துப் பார்த்திருப்பேன்.

பக்கவாட்டில் படுக்கவைத்த ஒரு பானை. வாயை ஒரு கிண்ணம் மூடியிருந்தது. ரனா பார்த்த உடனே எல்லாரையும் நிறுத்தினாள். எலும்பு பார்க்கிற மத்தில்டைக் கூட்டிவர ஆள் போனது. மத்தில்ட் பெல்ஜியத்துக்காரி, தலை நரைத்த, அதிகம் பேசாத பெண். வந்து, குப்புறப் படுத்து, வெடிப்பின் வழியே வெளிச்சம் பிடித்துப் பார்த்தாள். பிரெஞ்சில் தனக்குத்தானே ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கியது. நான்தான் மற்றவர்களுக்குச் சொன்னேன்.

"குழந்தையாம். பிறந்து கனநாள் இருந்திராதாம்."

பத்மா அக்காதான் கேட்டார், ஆங்கிலத்தில், அந்த நூலகத்தில் கேட்ட அதே குரலில்: "வீட்டுக்குள்ளே ஏன்?"

"தெரியாது," என்றாள் மத்தில்ட். "பலர் பல காரணம் சொல்வார்கள். நான் ஊகிக்கமாட்டேன். எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: வைத்தபிறகு தரையை மறுபடி மெழுகியிருக்கிறார்கள். அதன்பிறகும் இதே வீட்டில் இருந்திருக்கிறார்கள், சமைத்திருக்கிறார்கள்."

பத்மா அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்து, கயிற்றைத் தாண்டி, பந்தலுக்குப் போனார். வெயில் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். தண்ணீரையும், உப்பும் சீனியும் கலந்த மருந்துப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு பின்னால் போய், தொப்பி போடச் சொன்னேனே, வயசுக்கேற்ற மாதிரி இருக்கவேண்டாமா என்று கார்டெரிக் குரலில் தொடங்கினேன்.

"ஸ்டெல்லா, கொஞ்சம் உக்காருங்க."

இருந்தேன்.

"பசங்களுக்கு முன்னாடி ஒரு பொண்ணு பொறந்தா. மொன்றியல் வந்த மொத வருஷம். அவர் அப்போ படிச்சிண்டிருந்தார். எனக்கு பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. பொறந்த ஒடனே வேற எடத்துக்குத் தூக்கிண்டு போயிட்டாங்க. ஒரு ராத்திரி இருந்தா. காலைல இல்ல."

நான் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"ஒரு நர்ஸ் வந்து என்னமோ கேட்டாங்க. ரொம்ப அன்பாத்தான் கேட்டாங்க. கையப் புடிச்சிண்டு. எனக்கு ஒண்ணும் புரியல. தலையாட்டினேன். நம்ம தலையாட்டு எப்படின்னு தெரியுமே. ஆமான்னு ஆட்டினேனா, வேண்டாம்னு ஆட்டினேனா, இன்னிவரைக்கும் எனக்கே தெரியாது. அவங்க போயிட்டாங்க. குழந்தையப் பாக்கறீங்களான்னுதான் கேட்டிருக்காங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, பிரெஞ்சு வகுப்புல அந்த வார்த்தை வந்தப்போதான் புரிஞ்சுது."

"பிள்ளையப் பாக்கேல்லையோ?"

"இல்ல. மத்ததெல்லாம் ஆஸ்பத்திரியே பாத்துக்கும்னாங்க. அப்போ அப்படித்தான் பழக்கம். அவரும் அதுக்கப்புறம் பேச்சே எடுக்கல. எடுத்தா நான் தாங்கமாட்டேன்னு அவர் நெனச்சார். நானும் அவரப்பத்தி அதையேதான் நெனச்சேன்."

இருபது வருடமாக அழுகிற பிள்ளைகளையும் அவர்களை விட்டுப்போக முடியாமல் வாசலில் நிற்கிற தாய்மாரையும் தேற்றுவதே என் தொழில். அப்படிப்பட்ட நான், "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டேன். இதைவிட மடத்தனமாக ஒன்றும் கேட்டிருக்க முடியாது. அவர் ஓம் என்றார். என்னைப் பார்த்து, என் பாஷையில், ஓம் என்றார்.

தேத்தண்ணீரைக் கொடுத்துவிட்டு நேரே மத்தில்டிடம் போனேன். பத்மா அக்கா அந்தப் பானை வேலையில் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டேன். தொண்டர்களை எலும்பு வேலைக்கு விடுவதில்லை என்றாள். ரனாவும், முக்கியமாக என் பக்கம் பார்த்து, விடுவதில்லை என்றாள். நான் காரணம் சொன்னேன். சொல்லலாமா என்று அவரைக் கேட்கவில்லை. வழமைபோல வாய் முந்திவிட்டது.

"அவர் நான் சொல்கிறபடி மட்டும் செய்யவேண்டும்," என்றாள் மத்தில்ட். "நீங்கள் எதையும் தொடக்கூடாது."

எனக்குக் குடை பிடிக்கிற வேலை. அடுத்த இரண்டு நாளும் அவர்கள் தலைக்கு மேலே நிழல் விழும்படி ஒரு பெரிய கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மத்தில்ட் மூங்கில் குச்சியால் மண்ணை நெகிழ்த்துவாள். பத்மா அக்கா அதைக் கரண்டியால் எடுத்து, தேத்தண்ணீர் வடி மாதிரியான நுண்ணிய அரிதட்டில் மெல்ல அரிப்பார். பாலத்துக்குக் கம்பி அளந்த கை. ஒரு தூசியும் தவறவில்லை.

இரண்டாம் நாள் அரிதட்டில் வெள்ளையாக ஒன்று தங்கியது. மத்தில்ட் அதை இடுக்கியால் எடுத்துப் பத்மா அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். அரிசிக் குருணை அளவு.

"பல்," என்றாள். "ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருந்த பல். முளைக்கவே இல்லை."

பத்மா அக்கா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி எனக்கும் காட்டினார். செபம் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. வாய் தன்பாட்டுக்கு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன், அது கார்டெரியில் மத்தியானம் பிள்ளைகளை நித்திரையாக்க நாங்கள் பாடும் பிரெஞ்சுத் தாலாட்டு. வெட்கப்பட்டு நிறுத்தினேன். மத்தில்ட் தலை நிமிராமல், விட்ட இடத்திலிருந்து அதை எடுத்துப் பாடினாள்.

மொன்றியலுக்குத் திரும்பியதும் மாதர் சங்கம் எனக்கு ஒரு வரவேற்பு வைத்தது. திரையில் படம் போட்டுக் காட்டச் சொன்னார்கள். அடுப்பு, வாளி, ஓட்டுக் குவியல், மறுபடி அடுப்பு. தண்ணீர் எங்கே என்று கேட்டார்கள். நீச்சல்குளத்துக் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள், ஆனால் மனமில்லாத சிரிப்பு. அன்ரன் மட்டும் பின்வரிசையில் இருந்து சத்தமாகச் சிரித்தார். பானையைப் பற்றி நான் அங்கே சொல்லவில்லை.

இலை சிவந்த ஒக்டோபரில் பத்மா அக்கா தொலைபேசி எடுத்தார். நாங்கள் திரும்பி வந்தபின் அதிகம் கதைத்திருக்கவில்லை.

"ஸ்டெல்லா, ஒரு எடத்துக்குப் போணும். வர்றீங்களா?"

"பிரெஞ்சு கதைக்கவோ?"

"என் பிரெஞ்சு உங்க பிரெஞ்சைவிட நல்லாவே இருக்கும். தனியாப் போக வேண்டாம்னு பாத்தேன்."

மலைச்சரிவில் இருக்கும் பெரிய மயானம். அவர் ஏற்கெனவே பல இடங்களில் விசாரித்திருந்தார். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த குழந்தைகளுக்கென்று அங்கே ஒரு துண்டு நிலம் இருக்கிறதாம். அலுவலகத்திலிருந்த பெண் கோட்டை மாட்டிக்கொண்டு எங்களோடு நடந்தே வந்தாள். இரண்டு மேப்பிள் மரங்களுக்கு நடுவே ஒரு புல்வெளி. பெயர்ப்பலகை எதுவும் இல்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒரு கல்.

"எந்த இடத்தில்?" என்று பத்மா அக்கா பிரெஞ்சில் கேட்டார்.

"தனித்தனியாகத் தெரியாது, மதாம். இந்தப் புல் முழுவதும்தான்," என்றாள் அந்தப் பெண். அவசரமில்லை, இருங்கள் என்று சொல்லிப் போனாள்.

குளிர்ந்த காற்று அடித்தது. எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது.

"பேர் வைச்சனீங்களோ அக்கா?"

"இல்ல. வைக்கல." பிறகு, "எங்காத்துல பேர் வைக்கறப்போ காதுல மூணு தரம் சொல்லுவா," என்றார்.

"இப்ப வைக்கலாம்தானே."

அவர் என்னைப் பார்த்தார். முழங்கால் சரியில்லாதவர். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, இரண்டு கையையும் புல்லில் ஊன்றினார். நான் நாகரிகமாகப் பத்தடி தள்ளிப்போய் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காதை மட்டும் அவர் பக்கம் வைத்திருந்தேன், அது என் குணம். அவர் குனிந்தார். உதடு அசைந்தது தெரிந்தது. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் ஒன்றும் கேட்கவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்துகொண்டு வராத பொறுமையை வரவழைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"என்ன பேர் அக்கா?"

"அது எனக்கும் அவளுக்கும்," என்றார்.

நியாயம்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மாணவர்கள் ஏறினார்கள், வேலை முடிந்த ஆஸ்பத்திரிப் பெண்கள் ஏறினார்கள், இடம் நெருக்கமாயிற்று. இரண்டு தரிப்பு தாண்டியதும் பத்மா அக்கா என் பக்கம் சாய்ந்து, காதில், ஒரே ஒரு தரம் சொன்னார்.

நல்ல பெயர். அன்ரன் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டார். நான் இன்னும் சொல்லவில்லை.